கிராபிக்ஸ் கார்டில் கெபாசிட்டர் உடைந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூலரைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கும், அல்லது கார்டை கேபினட்டுக்குள் நுழைக்கும்போது பின்பக்கம் ஏதாவது விளிம்பில் உரசும், கடுகளவு பழுப்புத் துண்டு ஒன்று மேசையில் உருளும். அதுதான் கெபாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது தரும் பாகம். அதற்குப் பிறகு வரும் கேள்விகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். அவற்றுக்கான பதில்கள் கீழே.

ஒரு சின்ன கெபாசிட்டர் பெயர்ந்து விழுந்துவிட்டது. கார்டு அவ்வளவுதானா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் அந்தக் கெபாசிட்டர் எந்த வேலைக்காக அங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிலவற்றை மாற்றாமலே வருடக்கணக்கில் ஓட்டலாம், சிலது இல்லாவிட்டால் கணினி கார்டை அடையாளமே காணாது. இன்னொன்று, பெரும்பாலான இடங்களில் காலியாக விடுவது தப்பான ஒன்றைப் பொருத்துவதைவிட நல்லது. காலியிடத்தால் கார்டு தடுமாறலாம், ஓடாமலும் போகலாம்; ஆனால் 12 வோல்ட் வழியில் ஷார்ட் ஆன, அதாவது இரு முனையும் உள்ளே நேராக இணைந்துவிட்ட, ஒரு கெபாசிட்டர் போர்டையே கருக்கிவிடும். ஆகவே உடனே கார்டைச் செருகி ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பெயர்ந்த இடத்தில் இரண்டு பேடும் (கெபாசிட்டர் ஒட்டியிருந்த உலோகத் தளங்கள்) முழுதாக இருக்கின்றனவா, உடைந்த உலோக முனையோ சால்டர் துணுக்கோ பக்கத்துப் பேடைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எது எந்த வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். கார்டின் முக்கியச் சிப்பான ஜிபியுவுக்கு நேர் பின்னால் கூட்டமாக இருப்பவை சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருப்பவை. சிப் ஒரு நொடியில் சும்மா இருக்கும், அடுத்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும், அந்த இடைவெளியை நிரப்புவது இவைதான். ஒரே வழியில் பல பத்து கெபாசிட்டர்கள் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் ஒன்று போனால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஓவர்கிளாக் செய்பவருக்குத் தெரியலாம்.

பவர் கனெக்டர் பக்கத்திலும் மாஸ்ஃபெட்டுகள் எனப்படும் மின் சுவிட்சுகள் பக்கத்திலும் இருப்பவை 12 வோல்ட் உள்ளே வரும் வழியில் இருக்கின்றன. இங்கேதான் உடைசலைப் பார்த்து நான் பயப்படுவேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மதர்போர்டில் செருகும் தங்கநிற விரல்களுக்குச் சற்று மேலே வரிசையாக நிற்கும் மிகச் சின்ன கெபாசிட்டர்கள் தகவல் போகும் பாதையில் இருப்பவை. கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஒவ்வொரு லேனுக்கும், அதாவது தகவல் தடத்துக்கும், கார்டிலிருந்து வெளியே போக ஒரு ஜோடிக் கம்பி, ஒவ்வொரு கம்பியிலும் ஒரு கெபாசிட்டர். 16 லேன் என்றால் 32. இவற்றில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வேலை செய்யாது.

கடைசியாக, பவரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சிப்பைச் சுற்றி இருக்கும் பொடிசுகள். இவற்றில் சில, மின்னழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சுற்றில் இருப்பவை. இங்கே ஒன்று போயிருந்தால் காலியிடம் பரவாயில்லை என்ற கதையே கிடையாது, மாற்றாமல் ஆன் செய்யாதீர்கள்.

கார்டு வேலை செய்கிறது, ஆனால் பதினாறு லேனுக்குப் பதில் எட்டு என்று காட்டுகிறது. அதுவும் இதனாலா?

இருக்கலாம், ஆனால் உடனே அதன்மேல் பழி போடாதீர்கள். சில கார்டுகள் பிறவியிலேயே எட்டு லேன்தான், சில மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டையோ எம்.2 டிரைவையோ பயன்படுத்தினால் லேன்கள் பிரிந்துவிடும், அப்புறம் விரல்களில் அழுக்கு இருந்தாலும் இதே நிலைதான். இவை எதுவும் இல்லை என்றால், விரல்களுக்கு மேலே உள்ள வரிசையை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள், ஓர் இடத்தில் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். நடு லேனில் ஒன்று போனால் கார்டும் மதர்போர்டும் பேசிக்கொண்டு எட்டுக்கோ நான்குக்கோ ஒன்றுக்கோ இறங்கி வேலையைத் தொடங்கும். முதல் லேனிலேயே போயிருந்தால் பெரும்பாலும் கார்டு தெரியவே தெரியாது. பிசிஐ எக்ஸ்பிரஸின் இரண்டாம் தலைமுறை வரையிலான பழைய கார்டுகளில் இந்த இடத்தில் வழக்கமாக 100 நானோ ஃபாரட் இருக்கும், மூன்றாம் தலைமுறையிலிருந்து 220 நானோ ஃபாரட்.

சரிபார்க்க ஜிபியு-இசட் என்ற மென்பொருள் போதும். ஆனால் கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் ஏதாவது சுமை கொடுத்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

என் கார்டில் சில உருளையாக, சில பெட்டியாக, சில தூசி மாதிரி இருக்கின்றன. எல்லாமே கெபாசிட்டர்தானா?

பெரும்பாலும் ஆமாம். பழுப்பு நிறத்தில் மேலே எதுவும் எழுதாமல் இருப்பது செராமிக். அதற்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படித் திருப்பி வைத்தாலும் சரி. வெள்ளி நிற உருளை, மேலே கலர் அச்சு இருந்தால் அது பெரும்பாலும் பாலிமர் வகை. கலர் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். கறுப்பாகவோ மஞ்சளாகவோ தட்டையான பெட்டியாக இருப்பது டான்டலம் அல்லது தட்டையான பாலிமர். அதில் கோடு போட்டிருக்கும் பக்கம் பிளஸ். உருளையில் கோடு மைனஸ், பெட்டியில் கோடு பிளஸ். இந்த ஒரு விஷயத்தில் குழம்பி டான்டலத்தை மாற்றி வைத்தால் அது புகைவதோடு நிற்காது, தீப்பிடித்தும் எரியும்.

1999 முதல் 2007 வரையிலான காலத்தில் மோசமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளிலும் கார்டுகளிலும் உப்பி, ஒழுகி, செத்தன. தலையில் வெட்டுக்கோடு இருக்கும் பழைய உருளைகள் உப்பியிருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். பாலிமர் வகை அப்படி உப்பிக் காட்டிக்கொடுப்பது குறைவு, பார்க்க அழகாக இருந்துகொண்டே உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும்.

செராமிக்கில்தான் எதுவுமே எழுதவில்லையே, மதிப்பை எங்கே தேடுவது?

போர்டிலேயே தேடுங்கள். பவர் பகுதியில் ஒரே சுற்று பல முறை திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ்; எட்டு ஃபேஸ் இருந்தால் எட்டிலும் அதே இடத்தில் அதே கெபாசிட்டர். பெயர்ந்ததன் இணையைப் பக்கத்து ஃபேஸில் கண்டுபிடித்து, அதைக் கழற்றி அளந்துவிட்டுத் திரும்ப வையுங்கள். போர்டில் இருக்கும்போதே அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை, ஏனென்றால் அதோடு இணைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து மீட்டர் காட்டும். விழுந்த துண்டு உடையாமல் கிடைத்தால் அதையே அளக்கலாம். உங்கள் மாடலுக்கான எந்தப் பாகம் எங்கே என்று காட்டும் போர்டு வியூ கோப்போ சர்க்யூட் படமோ கிடைத்தால் வேலை சுலபம், எல்லா மாடலுக்கும் கிடைக்காது.

அளவும் துப்பு தரும். 0402 என்பது 1 மில்லிமீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர், 0603 என்பது 1.6-க்கு 0.8, 0805 என்பது 2-க்கு 1.25. ஜிபியு பின்னால் 0603-லும் 0805-லும் இருப்பவை பெரும்பாலும் 10 அல்லது 22 மைக்ரோ ஃபாரட் அளவில் இருக்கும். இது ஊகத்துக்கு உதவுமே தவிர அளவைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது.

விழுந்ததையே திரும்ப வைத்து சால்டர் செய்தால் போதாதா?

இரண்டு முனையிலும் உலோகம் முழுதாக இருந்து, உடம்பில் கீறலே இல்லாமல், அது சிப்பின் பின்பக்கம் இருக்கும் குறைந்த வோல்ட் கூட்டத்தில் ஒன்று என்றால் வைத்துப் பார்க்கலாம். 12 வோல்ட் பக்கம் என்றால் வேண்டாம். செராமிக் என்பது மெல்லிய தட்டுகளை அடுக்கிச் சுட்ட கட்டி, அடிபட்டால் வெளியே தெரியாத விரிசல் உள்ளே விழும். அன்றைக்கு நன்றாக ஓடும். சூடாகி, ஆறி, சூடாகி, ஒரு நாள் அந்த விரிசல் வழியாக இரண்டு தட்டுகள் தொட்டுக்கொள்ளும், அந்த வழியில் பவர் சப்ளை தன்னால் முடிந்த ஆம்பியர் எல்லாவற்றையும் கொட்டும். புதிய செராமிக் விலை ஒரு பொருட்டே இல்லை, அதற்காக இந்த வம்பு எதற்கு?

புதிதாக வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

வோல்ட் எண் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கட்டும், குறையவே கூடாது. மைக்ரோ ஃபாரட் அதே எண். பாலிமரில் இன்னொன்றும் உண்டு, அதன் உள்மின்தடை, இஎஸ்ஆர் என்பார்கள். கார்டில் இருப்பவை வழக்கமாகச் சில மில்லி ஓம்கள்தான். 820 மைக்ரோ ஃபாரட் 2.5 வோல்ட் என்று எழுதிய பாலிமரை எடுத்துவிட்டு அதே எண் போட்ட சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கை வைத்தால் எண் பொருந்தும், வேலை பொருந்தாது. அது சூடாகிக் கொஞ்ச நாளில் சாகும். பாலிமர் குறைந்தது 105 டிகிரி தாங்குவதாக இருக்கட்டும்.

செராமிக்கில் எக்ஸ்5ஆர் அல்லது எக்ஸ்7ஆர் வகை வாங்குங்கள், ஒய்5வி வேண்டாம், சூட்டில் அதன் மதிப்பு படுத்துவிடும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. செராமிக்கின் மீது மின்னழுத்தம் ஏறும்போது அதன் மதிப்பு குறையும். 16 வோல்ட் தாங்கும் சிறிய 10 மைக்ரோ ஃபாரட் ஒன்றை 12 வோல்ட்டில் வைத்தால் பாதிக்கும் மேல் காணாமல் போகலாம். அதனால் 12 வோல்ட் பக்கத்தில் இடம் இருந்தால் 25 வோல்ட் வகையை வைப்பதில் எனக்கு மனநிம்மதி.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். உருளை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் ஹீட் சிங்க் அதன்மேல் உட்கார்ந்துவிடும், சிப்பைத் தொடாது.

மீட்டரை வைத்தால் ஜிபியு பக்கம் எல்லா கெபாசிட்டரும் பீப் அடிக்கிறது. எல்லாமே ஷார்ட்டா?

இல்லை, இதில் பயந்துபோய் நல்ல கெபாசிட்டர்களைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். பெரிய ஜிபியுக்களின் கோர் வழி (சிப்பின் மையத்துக்கு மின்சாரம் போகும் வழி) இயல்பாகவே ஒரு ஓமுக்கும் கீழே காட்டும், பீப் மோடு அதை ஷார்ட் என்றுதான் நினைக்கும். பீப்பை விட்டுவிட்டு ஓம் மோடுக்குப் போங்கள். முதலில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு வரும் அளவிலிருந்து கழியுங்கள். மெமரி வழி அதைவிடக் கூடுதலாகக் காட்டும். 12 வோல்ட் வழியில் கிலோ ஓம் கணக்கில் வர வேண்டும். அங்கே சில ஓம்கள் அல்லது பூஜ்யம் வந்தால்தான் உண்மையான ஷார்ட்.

அப்படி 12 வோல்ட்டில் ஷார்ட் இருக்கிறது. எந்தக் கெபாசிட்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கெபாசிட்டர்தான் என்று யார் சொன்னது? மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கவும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது. முதலில் 12 வோல்ட்டுக்கும் ஜிபியு கோருக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அங்கேயும் பூஜ்யம் என்றால் 12 வோல்ட்டோடு இணைந்த மேல் மாஸ்ஃபெட் போய், 12 வோல்ட் நேராக 1 வோல்ட் சிப்புக்குள் போயிருக்கிறது, பெரும்பாலும் சிப் பிழைத்திருக்காது. கெபாசிட்டர் மாற்றி ஆவது ஒன்றுமில்லை.

கோர் பக்கம் நல்லபடியாக இருந்தால் மின்னழுத்தத்தை மாற்றி அமைக்கக்கூடிய பவர் சப்ளை ஒன்றை 1 வோல்ட்டில் வைத்து, ஆம்பியர் எல்லையை ஒன்றிலிருந்து மெல்ல ஏற்றி, அந்த வழிக்குக் கொடுங்கள். ஷார்ட் ஆன பொருள் சூடாகும். வெப்பம் காட்டும் கேமரா இருந்தால் சில நொடியில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் போர்டின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிசாகத் தடவிவிட்டுக் குனிந்து பாருங்கள், மற்ற இடமெல்லாம் ஈரமாகப் பளபளக்க ஒரே ஒரு கெபாசிட்டரின் முதுகு மட்டும் வட்டமாக உலர்ந்து வெளிறும். அதுதான் ஆள். அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப அளந்து, ஓம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புதியதை வையுங்கள். எந்த வழியாக இருந்தாலும் அதன் இயல்பான வோல்ட்டுக்கு மேலே கொடுக்கவே கூடாது.

சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்ன் போதுமா?

விரல்கள் பக்கத்து 0402-க்குப் போதலாம். பவர் பகுதிக்குப் போதாது. கார்டின் போர்டில் உள்ளே பல அடுக்குச் செம்பு இருக்கிறது, கிரவுண்டோடு இணைந்த பேடில் அயர்னை வைத்தால் சூடு முழுக்க அந்தச் செம்புக்குள் ஓடிவிடும், சால்டர் கூழாகி நிற்குமே தவிர உருகாது. அப்போது ஆத்திரத்தில் அழுத்தித் தேய்ப்பதில்தான் பேட் பிய்ந்து வருகிறது. வெப்பத்தை நிலையாக வைக்கும் ஸ்டேஷன், உளி மாதிரி தட்டை முனை, சால்டர் நன்றாகப் பரவ உதவும் ஃப்ளக்ஸ் தாராளமாக, பழைய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல், நல்ல ட்வீசர் இவை வேண்டும். போர்டை அடியிலிருந்து 100 முதல் 150 டிகிரிக்குச் சூடாக்க ஏதாவது இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தொழிற்சாலையில் போட்ட ஈயமில்லாத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதன்மேல் ஈயம் கலந்த 63/37 சால்டரைக் கொஞ்சம் உருக்கிக் கலந்துவிட்டால் உருகும் வெப்பம் இறங்கிவிடும், அந்தக் கம்பி தனியாக 183 டிகிரியிலேயே உருகுவது. அயர்னை 350 முதல் 380 வரை வைத்துக்கொள்ளலாம். ஈயத்தைத் தொட்ட கையோடு எதையும் சாப்பிடாதீர்கள், புகையை முகத்துக்கு நேராக இழுக்காதீர்கள்.

கழற்றுவதும் வைப்பதும் எப்படி?

செராமிக் என்றால் ஃப்ளக்ஸ் தடவி, இரண்டு முனையிலும் கொஞ்சம் சால்டர் ஏற்றி, அகலமான முனையால் இரண்டையும் ஒரே நேரத்தில் சூடாக்கினால் முனையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) என்றால் சுற்றியுள்ளவற்றை வெப்பம் தாங்கும் காப்டான் டேப்பால் மூடிவிட்டு, காற்றைக் குறைவாக வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பொடிசுகள் பறக்கும். வெள்ளி உருளைகளுக்கு நேரே ஹாட் ஏரைக் காட்டாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறி டப் என்று வெடிக்கும். அவற்றை இரண்டு காலையும் மாறி மாறிச் சூடாக்கி எடுப்பதுதான் நல்லது. முறுக்கிப் பிடுங்கும் வித்தையைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள், வேலை செய்யும்வரை அழகுதான், பேடோடு வந்தால் அழுகைதான்.

வைக்கும்போது ஒரு பேடில் மட்டும் கொஞ்சம் சால்டர் போட்டு, ட்வீசரால் பிடித்துக்கொண்டு அந்த முனையை ஒட்டி, நேராக உட்கார்ந்ததும் மறுமுனை. சால்டர் பேடிலிருந்து முனை மேலே சரிவாக ஏறி நிற்க வேண்டும், உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று பொருள்.

பிளஸ் மைனஸ் உள்ளதற்கு போர்டில் இருக்கும் அச்சை மட்டும் நம்பாதீர்கள், நிழலிட்ட பக்கம் மைனஸ் என்பது எல்லா போர்டுக்கும் பொருந்தாது. பவர் கனெக்டரின் கிரவுண்டு முனையோடு மீட்டரில் எந்தப் பேட் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுகிறதோ அதுதான் மைனஸ். கோர் வழியில் இரண்டு பேடுமே குறைவாகக் காட்டும், இரண்டில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

பேடே பிய்ந்து வந்துவிட்டதே?

கூட்டத்தில் ஒன்று என்றால் சுத்தம் செய்துவிட்டு அப்படியே விடுங்கள், அதற்காகப் போர்டைச் சுரண்டுவது தேவையில்லாத வேலை. தகவல் பாதையிலோ கன்ட்ரோலர் பக்கத்திலோ என்றால் அந்தப் பாதையின் பச்சை அல்லது கறுப்புப் பூச்சைப் பிளேடால் மெல்லச் சுரண்டி, செம்பு தெரிந்ததும் சால்டர் பூசி, மெல்லிய எனாமல் கம்பியால் கெபாசிட்டர் முனைக்கு இணைத்து, மேலே புற ஊதா ஒளியில் இறுகும் யூவி பசை போட்டு உறைய வைக்க வேண்டும். நுண்ணோக்கி இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கார்டைச் சமையல் ஓவனில் வைத்துச் சுட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். விழுந்த கெபாசிட்டர் ஓவனுக்குள் திரும்பி வந்து உட்காராது. இருக்கிற பிளாஸ்டிக் கனெக்டர்களும் உருளைகளும் கெடும், அந்த ஓவனில் பிறகு சமைக்கவும் முடியாது.

விளையாடும்போது திரை கறுப்பாகிறது, கோடு கோடாக வருகிறது, கீச் என்று சத்தம். கெபாசிட்டரை மாற்றிப் பார்க்கட்டுமா?

கண்ணுக்குத் தெரிந்த சேதம் எதுவும் இல்லாமலா? வேண்டாம். கீச் சத்தம் பெரும்பாலும் காயில்களிடமிருந்து வருவது. கோடுகளும் கட்டங்களும் வந்தால் மெமரி சிப்பையோ ஜிபியுவின் அடியில் உள்ள சால்டரையோ சந்தேகப்பட வேண்டும். திரை கறுப்பானால் பவர் சப்ளை, கேபிள், டிரைவர் மூன்றையும் முதலில் பாருங்கள். 2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வந்த புதிதில் விளையாட்டுகள் நடுவில் நின்றுபோக, எல்லோரும் ஜிபியு பின்னால் பெரிய பாலிமர் இருக்கிறதா, செராமிக் கூட்டம் இருக்கிறதா என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்தத் தேர்வுக்கும் ஒரு பங்கு இருந்தது, அந்தக் கார்டுகளைத் தயாரித்த ஈவிஜிஏ நிறுவனமே தன் வடிவமைப்பை மாற்றியதாகச் சொன்னது. ஆனாலும் பலருக்குப் பிரச்சினை தீர்ந்தது அடுத்து வந்த டிரைவரால். யாரும் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் முடிந்தது. இனி செருகலாமா?

ஃப்ளக்ஸை ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்துக் காய விடுங்கள். மறுபடி 12 வோல்ட், கோர், மெமரி மூன்று வழியிலும் ஓம் அளந்து, வேலைக்கு முன் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கூலருக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட்களைக் கழற்றிய இடத்திலேயே, அதே தடிமனில் திரும்ப வையுங்கள்; 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் கூலர் சிப்பின் மேல் முழுதாக அமராது, பழுதே இல்லாத கார்டு சூடாகி அணையும். கூலர் இல்லாமல் ஆன் செய்து பார்ப்பது வேண்டாம், ஒரு நொடிகூட. முதல் சோதனைக்கு உங்கள் நல்ல கணினியை விட்டுவிட்டு ஏதாவது பழைய மதர்போர்டைப் பயன்படுத்துங்கள். படம் வந்ததும் லேன் எண்ணிக்கையைப் பார்த்து, அரை மணி நேரம் சுமை கொடுத்து, வெப்பத்தைக் கவனியுங்கள். கருகல் வாடை வந்தால் மென்பொருளில் அணைக்கும் வரை காத்திருக்காமல் பவர் சப்ளையின் பின் சுவிட்சையே தட்டுங்கள்.

வாரன்டி இருக்கும் கார்டு என்றால்?

இதில் எதையும் செய்யாதீர்கள், விழுந்த துண்டை ஒரு டேப்பில் ஒட்டிப் பத்திரமாக வைத்து, போட்டோ எடுத்து, தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அடிபட்ட சேதத்துக்கு வாரன்டி பொதுவாகக் கிடைக்காது. ஆனால் நீங்கள் சால்டர் செய்த கார்டை அவர்கள் பார்க்கக்கூட மாட்டார்கள். மறுத்துவிட்டால் அப்புறம் கார்டு உங்கள் கையில்தானே.